தான் போட்ட கணக்கைத் தானே திருத்திய அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் காவல் ஆணையர் அவர்களே, நிதிப் பிரிவின் தோழர்களே, குழந்தைகள் நலப் பிரிவின் பன்னிரண்டு ஊழியர்களே, பணியிலிருந்து நேராகச் சீருடையோடு வந்து சுவரோரம் நிற்கும் என் காவலர்களே, முதல் வரிசையில் இருக்கும் அம்மையாரின் தங்கை அவர்களே, தங்கையின் பிள்ளைகளே! உங்களோடு, நான் பெயர் சொல்லி அழைக்க முடியாத, அழைக்கவும் கூடாத சில தாய்மார்களும் தகப்பன்மார்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டேன். உங்களுக்கும் என் வணக்கம்.

கூப்பியிருப்பது இருபத்தொரு வருடம் லத்தி பிடித்த கை.

முதுநிலைக் கணக்கு அலுவலர் என்பது மறைந்த அம்மையாருடைய பதவி. நம் அலுவலகத்தில் அந்தப் பதவிப் பெயரைச் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டிருக்கிறோமா? நிதானம் அம்மா! அதுதான் அவருக்கு நாம் வைத்த பெயர். யார் என்ன அவசரத்தோடு அவர் அறைக்குள் போனாலும், தலையைத் தூக்காமலே, "நிதானம், நிதானம். முதல்ல உட்காருங்க" என்பார். "நிதி கேட்டுப் போனா நிதானம்தான்டா கிடைக்கும்" என்று காவலர் குடியிருப்பு முழுவதும் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியைத் தொடங்கி வைத்தவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் என்னிடமே, "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க, ஆனா பில்லு பாஸ் ஆகாது" என்றார்.

நண்பர்களே! இறந்தவரைப் புகழ்வது எளிது. குறையே இல்லாதவர் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அம்மையார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் ஒரு பெரிய தப்புச் செய்தார். அதைத் தாமே எல்லோர் முன்னாலும் சொன்னார். அதனால்தான் இன்று இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. ஆகவே அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு நகர நிர்வாகத்திடம் பணம் இல்லை. எங்கே குறைக்கலாம் என்று தேடினார்கள். குழந்தைகள் நலப் பிரிவு கண்ணில் பட்டது. முப்பத்தெட்டு பேர். ஒரு வீட்டில் பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தகவல் வந்தால், அவர்களில் ஒருவர் பஸ் பிடித்துப் போய், அந்த வீட்டில் உட்கார்ந்து பேசி, என்ன உதவி தேவை என்று பார்த்து வருவார். இந்த வேலையைப் போலீஸிடம் கொடுத்துவிட்டால் என்ன? போலீஸிடம் ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் தொலைபேசி இருக்கிறது! எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லி அம்மையாரிடம் கோப்பு வந்தது.

அவர் மூன்று நாளில் போட்டுக் கொடுத்தார். முப்பத்தெட்டு பேர் சம்பளம் மிச்சம். அலுவலக வாடகை மிச்சம். காவல்துறைக்குக் கூடுதல் செலவு என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: "இல்லை." கீழே கையெழுத்து. அந்த வருட பட்ஜெட்டிலேயே நலப் பிரிவு மூடப்பட்டது. வேலை எங்களிடம் வந்தது.

எங்களிடம் என்றால் யாரிடம்? என்னிடம்! அப்போது நான் ரோந்துப் பிரிவில் உதவி ஆய்வாளர். திருடனைப் பிடிக்கத் தெரியும். சண்டையை விலக்கத் தெரியும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வண்டியில் ஏற்றத் தெரியும். பிள்ளைகள் விஷயத்துக்கு எங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் தெரியுமா? அரை நாள் வகுப்பு. அதிலும் மின்சாரம் போய்விட்டது.

ஒரு நாள் காலை பதினோரு மணி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல்: ஒரு மாடி வீட்டில் மூன்று பிள்ளைகள் காலையிலிருந்து தனியாக இருக்கிறார்கள். நானும் என் ஓட்டுநரும் போனோம். எனக்குத் தட்டத் தெரிந்த மாதிரி கதவைத் தட்டினேன். "போலீஸ்! கதவைத் திற!"

திறந்தது ஒன்பது வயதுப் பெண் குழந்தை. உள்ளே வேறு யாரையும் காணோம். "தம்பி தங்கச்சி எங்க?" என்றேன். அவள் துணி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதைத் திறந்தேன். உள்ளே ஒரு ஆறு வயதுப் பையன், மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் குழந்தையை மடியில் அழுத்திக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் சீருடை சொல்லிக்கொடுத்தது!

அவர்களுடைய அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அக்காவுக்கு அன்று காய்ச்சல். ஒரு நாள் லீவு போட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது. நடந்தது இவ்வளவுதான். நலப் பிரிவு ஊழியர் ஒருவர் வந்திருந்தால் அரை மணி நேரத்தில் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் மையத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருப்பார். எனக்கு அப்படி ஒரு மையம் இருப்பதே தெரியாது. எனக்குக் கொடுத்த தாளில் ஒரே வரி இருந்தது: பெரியவர் யாரும் இல்லாவிட்டால் பிள்ளைகளைக் காப்பகத்தில் ஒப்படைக்கவும்.

ஒப்படைத்தேன். நானே தூக்கிப்போய் ஒப்படைத்தேன். நீதிமன்றத்தில் தேதி கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் அந்த அம்மா காலையில் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். வேலை போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த ஒன்றரை வயதுக் குழந்தை அம்மாவிடம் போகாமல் காப்பக ஆயாவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அம்மா அழவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு போன்.

"ரோந்துப் பிரிவுங்களா? கணக்குப் பிரிவுலேர்ந்து பேசறேன். உங்க வண்டிப் புத்தகத்துல ஒரே கேஸுக்கு ஒன்பது மணி நேரம்னு போட்டிருக்கு. காப்பக பில்லு வேற தனியா வந்திருக்கு. ஒன்பது மணி நேரம் என்ன பண்ணீங்க? நிதானமா சொல்லுங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நிதானமாவா? ரூம்ல உக்காந்துக்கிட்டு கேக்கறீங்களே மேடம், ஒரு நாள் வண்டியில ஏறி வந்து பாருங்க. அப்ப தெரியும் என்ன பண்ணேன்னு!" என்று கத்திவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். சஸ்பெண்ட்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் குடையும் கையுமாக நிற்கிறார்! "கூப்பிட்டீங்களே. வண்டி எங்க?"

தம்முடைய விடுப்பில் நாற்பது நாள் எடுத்துக்கொண்டு, நாற்பது நாளும் எங்கள் ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. பிள்ளைகளிடம் பேசும் கலை அவருக்குப் பிறவியிலேயே இருந்தது என்று நினைக்காதீர்கள். சுத்தமாக வராது! முதல் வீட்டில் ஒரு ஐந்து வயதுப் பெண்ணிடம், "உன் வயசு என்ன? வருஷமும் மாசமும் சேர்த்துச் சொல்லு" என்றார். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சரா?" என்றது. "இல்லம்மா, கணக்கு." "அப்ப டீச்சர்தான்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது. ஜீப்பில் திரும்பும்போது, "என்னை ஃபெயில் ஆக்கிடுச்சுப்பா" என்று சிரித்தார்.

பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். என்னையும் கற்றுக்கொள்ள வைத்தார். தொப்பியை வண்டியிலேயே வைக்கச் சொன்னார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். "நின்னுக்கிட்டே பேசினா பனைமரம் மாதிரி இருக்கீங்க, உக்காருங்க" என்றார். தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பிள்ளைகளின் முகம் தெரிகிறது. இருபத்தொரு வருடச் சர்வீஸில் எனக்கு இதைச் சொன்னவர் ஒரு கணக்கு அலுவலர்!

அந்த நோட்டில் என்னென்ன எழுதினார்? நாங்கள் ஒரு வீட்டில் இருக்கும்போது வேறெங்கே எந்தப் புகார் கவனிக்கப்படாமல் கிடந்தது, அதை எழுதினார். காப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவை எழுதினார். வழக்குக்கு வக்கீல், ஓவர்டைம், பெட்ரோல் எல்லாம் எழுதினார். வேலை இழந்த பெற்றோர் எத்தனை பேர், அவர்களுக்குப் பிறகு நகர நிர்வாகமே கொடுத்த உதவித்தொகை எவ்வளவு, அதையும் தேடிப்பிடித்து எழுதினார். கடைசியில் கூட்டினால், நூறு பங்கு மிச்சமாகும் என்று சொன்ன இடத்தில் நூற்று முப்பத்தெட்டு பங்கு செலவாகியிருக்கிறது!

அப்போது இருந்த உயரதிகாரி ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "நாங்க எடுத்துக்கிட்டதுலேர்ந்து புகார் பாதியாக் குறைஞ்சிடுச்சு." அம்மையார் கேட்டார்: "கஷ்டம் குறைஞ்சிடுச்சா சார், இல்ல கூப்பிடறது குறைஞ்சிடுச்சா?" போலீஸ் வரும் என்ற பயத்தில், அக்கம்பக்கத்தார் போன் செய்வதையே நிறுத்தியிருந்தார்கள். இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? அவராலும் எழுத முடியவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.

நாற்பதாம் நாள் மாலை என்னிடம் சொன்னார்: "அந்த 'இல்லை'ங்கறதுதான் நான் என் சர்வீஸ்ல எழுதின பெரிய பொய்ப்பா. தெரிஞ்சு சொல்லல. பாக்காம சொல்லிட்டேன்." பிறகு, "அந்தச் சலவைக்கூடத்து அம்மா வீடு எங்க?" என்று கேட்டார்.

நானும் கூடப் போனேன். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். அம்மையார் நின்றபடியே, "நான் எழுதின ஒரு தாளாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா சொன்னார்: "எந்தத் தாளும் எனக்குத் தெரியாதும்மா. எம் புள்ளைங்களத் தூக்கிட்டுப் போனது இவருதான்."

தலை குனிந்து நின்றேன். அம்மையார் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "இவரை அனுப்பினது அந்தத் தாள்தான். திட்டறதுன்னா முதல்ல என்னைத் திட்டுங்க" என்றார்.

அந்த அம்மா கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, "உக்காருங்க" என்றார். இரண்டு பேரையும்தான் சொன்னார். மறுநாள் அம்மையார் நீதிமன்றக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சலவைக்கூட மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனார். மூன்று மணி நேரம் பெஞ்சில் காக்க வைத்தார்கள். காத்திருந்தார். வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்து பட்ஜெட் வந்தது. நிதிக்குழு முன்னால் திருத்திய மதிப்பீட்டோடு நின்றார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "போன வருஷம் இது மிச்சம்னு எழுதினது யாரு?"

"நான்தான் ஐயா."

"இப்ப செலவுன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான் ஐயா."

அறையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "ரெண்டுல எதை நம்பச் சொல்றீங்க?"

"போய்ப் பாத்துட்டு எழுதினதை நம்புங்க ஐயா."

நம்பினார்களா? இல்லை! இரண்டே வாரத்தில், கிடைக்கவிருந்த பதவி உயர்வு நின்றது. பண்டகப் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் பூட்ஸையும் மழைக்கோட்டையும் எண்ணுகிற இடம். நானாக இருந்தால் உடைந்துபோயிருப்பேன். அவர் என்ன செய்தார்? பூட்ஸை ஒழுங்காக எண்ணினார்! நண்பர்களே, என் சர்வீஸில் முதல்முறையாகச் சரியான அளவில் பூட்ஸ் கிடைத்தது அந்த வருடம்தான்.

அடுத்த பட்ஜெட்டிலும் போய் நின்றார். முடியாது என்றார்கள். அதற்கடுத்த பட்ஜெட்டில் மூன்றாவது முறையாகப் போனார். அந்த முறை அவர் தனியாகப் போகவில்லை. அந்தச் சலவைக்கூடத்து அம்மா தாமாகவே வந்து, நடந்ததைக் குழுவிடம் சொன்னார். நானும் சொன்னேன். அலமாரிக் கதவைத் திறந்ததைச் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டேன். தலைவர் என்னிடம், "தண்ணி குடிங்க" என்றார். அன்று வேலை மீண்டும் நலப் பிரிவுக்கே போனது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போலீஸ் கூடப் போகும். ஆனால் முப்பத்தெட்டு இடங்களில் பன்னிரண்டுதான் கொடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர்தான் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று பேர் வேலையைச் செய்கிறார்.

நாங்கள் எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினோம். அவர், "இன்னும் இருபத்தாறு இடம் காலியாத்தானே இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் போனார். ஓய்வு பெற்ற பிறகும் பொதுமக்கள் வரிசையில் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். தங்கை அவர்கள் பக்கத்தில் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. "இந்த வருஷ மதிப்பீடு பாதியில நிக்குது. பெட்ரோல் விலையை மாத்தணும், மறந்துடாதீங்க" என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "பயமா இருக்குப்பா" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நிதானம் மேடம், நிதானம்" என்றேன். சிரித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "என் வேலையை எனக்கே காட்டறீங்களா" என்றார். தூங்கும்வரை கையை விடவில்லை. நான்கு நாள் கழித்துத் தங்கை அவர்கள் எனக்குப் போன் செய்தார்கள்.

அவர் பெற்ற பிள்ளை என்று யாரும் இல்லை. ஆனால் இந்த நான்கு வருடத்தில் இந்த நகரத்தில் அம்மாவைப் பிரியாமல் தங்கள் வீட்டிலேயே தூங்கி எழுந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து நாம் அழுவோம்.

அழுது முடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம்? பாதியில் நின்ற மதிப்பீட்டைத் தங்கை அவர்கள் என்னிடம் கொடுத்தார்கள். நிதிப் பிரிவுத் தோழர்கள் இருவர் தினமும் அலுவலகம் முடிந்து என்னோடு உட்கார்ந்து அதை முடித்திருக்கிறார்கள். பெட்ரோல் விலையை மாற்றிவிட்டோம், அம்மா! வரும் பதினான்காம் தேதி நிதிக்குழு கூடுகிறது. இருபத்தாறு இடத்தையும் கேட்கப்போகிறோம். இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் கேட்போம். அடுத்த வருடமும் இல்லை என்றால் அதற்கடுத்த வருடமும் கேட்போம். இது இந்த அவையின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

சீருடைப் பணியில் இருப்பவன் குழு முன்னால் பேச அனுமதி வேண்டும். ஆணையர் அவர்கள் இங்கே பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது. அம்மையாரை அவர் பார்த்ததே இல்லை. மேடையேறுவதற்கு முன்னால், தயங்கித் தயங்கி என் அனுமதி விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவர் அனுமதியோடு அதை வாசிக்கிறேன்: "நானும் வருகிறேன்."

நீங்களும் வாருங்கள்! காலை பத்து மணி, இரண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, படியேறித்தான் வரவேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. கூட்டி வாருங்கள்! கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கி வாருங்கள். அழுமே என்று யோசிக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பணம் ஒதுக்குகிற அந்த அறையில் இதுவரை ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்கட்டும்!